பொரியலில் ஒரு பங்கு

மதியம் மூன்று மணி இருக்கும். மாடிவீட்டுப் பெண் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "அக்கா, ஒரு டீ போட்டுக் குடுங்க, தலை வலிக்குது" என்றாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். "இல்லக்கா, இனிமேத்தான். இவனுக்கு ஊட்டி முடிக்கவே ரெண்டரை ஆயிடுச்சு."

டீ அப்புறம் தருகிறேன் என்று சொல்லி, தட்டைப் போட்டு உட்கார வைத்தேன். அவள் சாப்பிட்டதற்கும் டீ குடித்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரம் போயிற்று. அந்த நேரத்தில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்து பேசிய விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

அவளுடைய குறை இதுதான். சின்னவனுக்கு இரண்டு வயது, பெரியவள் யூ.கே.ஜி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறிவிட்டது, அசதியும் விடவில்லை. "டயட்னு ஆரம்பிச்சா நாலு நாள் தாண்ட மாட்டேங்குது. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லக்கா" என்று சொல்லி, போனில் ஒரு பட்டியலைக் காட்டினாள். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு பாதாம், மதியம் இரண்டு சப்பாத்தியும் ஒரு பெரிய கிண்ணம் சாலடும், இரவு சூப். சாப்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இரண்டு கையும் ஓய்வாக இருக்கிற ஒருவருக்காக எழுதிய பட்டியல். இவளுக்கு ஒரு கை எப்போதும் பிள்ளையிடம்.

"காலையிலேருந்து வாயில போட்டதை எல்லாம் சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமே சாப்பிடலக்கா."

அவள் பொய் சொல்லவில்லை. தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது சாப்பாடு என்று மனசு கணக்கு வைக்கிறது. நின்றுகொண்டு வாயில் போட்டது கணக்கிலேயே வருவதில்லை. மெதுவாகக் கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. ஆறு மணிக்கு ஒரு டீ. பெரியவள் வேன் வருகிற அவசரத்தில் வைத்துவிட்டுப் போன பாதி தோசை, நெய்யும் சர்க்கரையும் தடவியது. ஒன்பது மணிக்கு இன்னொரு டீயும் ஐந்து மேரி பிஸ்கட்டும். சின்னவன் கடித்துத் துப்பிய வாழைப்பழத்தில் மீதிப் பாதி. பன்னிரண்டு மணிக்குப் பசி தெரியாமல் இருக்க மூன்றாவது டீ. கடைசியாக, அவன் வாயை மூடிக்கொண்ட பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய நாலு வாய் பருப்புச் சோறு. ஆறிப்போய் ஓரமெல்லாம் காய்ந்து கிடந்ததை விரலால் வழித்து, பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்றபடியே தின்றிருக்கிறாள்.

குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த டீ ஒன்று கிட்டத்தட்ட 100 கலோரி. மற்றதையும் சேர்த்தால் 600, 700 வரை வருகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி, நடந்து குனிந்து ஓடியாடி வேலை செய்கிறவளுக்கு 2,130 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. ஆக, "ஒண்ணுமே சாப்பிடாத" நேரத்திலேயே நாளின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விட்டது. அதில் ஒரு பிடி காய்கூடக் கிடையாது, பருப்பு கொஞ்சம்தான். பிறகு மூன்று மணிக்கு அகோரப் பசியோடு உட்காரும்போது என்ன இருக்கும்? சோறு இருக்கும், குழம்பு இருக்கும், ஊறுகாய் இருக்கும்.

"பொரியல் செய்யலையா?" என்றேன்.

"பீன்ஸ் பொரியல் பண்ணேன். அவர் டப்பாவுக்கு, பாப்பா டப்பாவுக்கு, மாமாவுக்கு. நான் உக்கார்றப்ப சட்டியில தாளிச்ச கடுகுதான் இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உடல் எடை கூடியவர்கள், 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று ஆச்சரியப்படுகிறவர்கள், கடைசியில் உட்காருகிறவளின் தட்டைப் பார்க்க வேண்டும். சோறு இருக்கிறது, அதனால் எடை ஏறுகிறது. காயும் பருப்பும் முட்டையும் அவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுகின்றன, அதனால் ரத்தம் ஏறுவதில்லை. மனக்கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே அவளிடம் முதலில் சொன்னது எதையும் நிறுத்தச் சொல்லும் பேச்சு இல்லை. பொரியலை இறக்கியதும், யார் டப்பாவுக்கும் போகும் முன்னால், உன் பங்கை ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து வை என்றேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையையும் சேர்த்து 400 கிராம் காய் என்று இருக்கிறது. அந்த அளவை எட்டுகிற வீடுகள் குறைவு. ஆனால் கிண்ணத்தில் எடுத்து வைத்தது நிச்சயம் வயிற்றுக்குள் போகும், சட்டியில் விட்டது போகாது.

அடுத்தது மிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அறிவுரை சொல்கிறவர்கள் "பிள்ளை மிச்சத்தைத் தின்னாதே" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு பருக்கையைக் கீழே சிந்தினாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்ந்தவளுக்கு, நெய் விட்டுப் பிசைந்த சோற்றைக் குப்பையில் கொட்டக் கை வருமா? வராது, வரவும் வேண்டாம். மிச்சத்தை என்ன செய்வது என்பதைவிட அது எப்படி வந்தது என்று பார்ப்பதுதான் நல்லது.

ஒன்றிரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு பெரியவர் சாப்பாட்டில் ஏறக்குறைய கால் பங்குதான். நாம் பிசைவதோ நம் ஆசையின் அளவுக்கு. முதல் வயதில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஏறிய பிள்ளை, இரண்டாம் வயதில் அந்த வேகத்தில் வளராது. அதனால் பசியும் குறையும். போன வருஷம் கிண்ணத்தைக் காலி செய்தவன் இன்று பாதியில் எழுந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. எடையும் உயரமும் வயதுக்கு ஏற்றபடி வருகிறதா என்று அங்கன்வாடியில் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு கரண்டி போடு, கேட்டால் இன்னொரு கரண்டி போடு. மிஞ்சினால் ஒரு வாய் மிஞ்சும்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களில் எழுதிய ஒரு முறை எனக்குப் பிடிக்கும். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றவர் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். ஒன்றரை மணி நேரம் போனைக் காட்டி, மாடிக்கும் வாசலுக்கும் நடந்து ஊட்டுகிற வேலை இதில் இல்லை. அரை மணி நேரம். அதற்குமேல் தட்டை எடுத்துவிடலாம். அந்த மிச்ச ஒரு மணி நேரம்தான் தாயின் சாப்பாட்டு நேரம்.

"அவன் சாப்பிடாம நான் எப்படிக்கா சாப்பிடறது?" என்றாள். அவனோடு சேர்ந்து சாப்பிடு என்றேன். அவள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சின்னவன் அவள் தட்டிலிருந்து ஒரு அவரைக்காய்த் துண்டை எடுத்து வாயில் வைத்தான், முகத்தைச் சுளித்தான், வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மறுபடி வாயில் வைத்தான். அவள் அதட்டப் போனாள், கையமர்த்தினேன். இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குப் புதுச் சாப்பாட்டின்மேல் ஒரு பயம் வரும். அது வளர்ச்சியின் பகுதி, அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காயைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை கண்ணால் பார்த்து, தொட்டு, துப்பிய பிறகுதான் சில பிள்ளைகள் விழுங்கும். அத்தனை தடவையும் எதிரே ஒருவர் அதை ருசித்துத் தின்றுகொண்டிருக்க வேண்டும். அம்மா நின்றுகொண்டு பிஸ்கட் சாப்பிடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு, அவரைக்காய் தனக்கு மட்டும் வருகிற தண்டனை மாதிரித்தான் தெரியும்.

இதற்காக இரண்டு சமையல் செய்ய வேண்டியதில்லை. பருப்பும் காயும் வெந்ததும், புளியும் மிளகாய்ப்பொடியும் சேர்க்கும் முன் ஒரு கரண்டி தனியே எடுத்தால் அது பிள்ளைக்கு. மீதி சாம்பாராகட்டும். பதினொரு மணிப் பசிக்கு ராத்திரியே கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப் போட்டுக் காலையில் இட்லி குக்கரோடு இன்னொரு அடுப்பில் வேகவைத்தால் இரண்டு நாளைக்கு வரும். பிஸ்கட் டப்பா இருக்கிற இடத்தில் அந்தச் சுண்டல் கிண்ணம் இருக்க வேண்டும், கை போகிற இடம் அதுதான். சின்னவனுக்கு மட்டும் மசித்துக் கொடு. முழுக் கடலையும் நிலக்கடலையும் நாலு வயதுக்குள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அதில் விளையாட்டு வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றியும் கேட்டேன். இரவில் இரண்டு தடவை எழுகிறான், இன்னும் பால் குடிக்கிறான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடத்தி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நிலையில் இருந்த பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது, இனிப்பின் மேலும் மாவுப் பண்டத்தின் மேலும் நாட்டம் கூடியது. வெறும் இரண்டு இரவில் இப்படி. இவள் இரண்டு வருஷமாகத் தூங்கவில்லை. நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுகிற கையைக் குற்றம் சொல்லாமல், அவன் மதியம் தூங்கும் அரை மணி நேரம் துணி மடிக்காமல் கூடவே படுத்துக்கொள் என்றேன்.

பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கவே கூடாது. முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும். புரதமும் 13 முதல் 17 கிராம் கூடும். ஒரு முட்டையில் 6 கிராம் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு என்று தெரியும். இவள் பிள்ளைக்கு இரண்டு வயது ஆனதால் அவ்வளவு தேவையில்லை. ஆனால் பிரசவத்தின் ரத்தக்கடனே இன்னும் அடையவில்லை என்று அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தபோது தோன்றியது. வெளுத்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாளைக்கு அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டாயா என்றேன். "மலச்சிக்கல் ஆச்சு, நிறுத்திட்டேன். பிள்ளை சிரப் வைக்கிற டப்பாவுலயே கிடக்குது." இரண்டு வருஷத்துப் பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அதுவரை அந்த டப்பாவை உயரத்தில் வை, இரும்பு மாத்திரை சின்னப் பிள்ளை கையில் கிடைத்தால் விஷம்.

டீயைத் தள்ளிப் போட்டதற்கான காரணமும் இதுதான். டீயில் இருக்கும் டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச விடாது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிந்தும் குடித்தால் தொல்லையில்லை. சோற்றோடு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால், ஒரு நெல்லிக்காய் கடித்தால், அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு ஏறும். டீயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுக்க அவள் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு டீ போட்டேன், சர்க்கரை ஒரு கரண்டி. குடித்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்து வைக்கிறதுக்கு அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. எனக்குத்தான் கூச்சமா இருக்கு, நம்ம பங்கை நாமளே முதல்ல எடுக்கறதுக்கு." அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உன் அத்தை எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். "எனக்கும் பின்னாடிதான்" என்றாள்.

அடுத்த வாரம் முருங்கைக்கீரை கொடுக்க மாடிக்குப் போனேன். அடுப்புமேடையில், கணவரின் டிபன் கேரியருக்குப் பக்கத்தில், மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணங்கள் இரண்டு இருந்தன. திறந்து பார்த்தேன். இரண்டிலும் கோஸ் பொரியல், ஒன்றில் மட்டும் மிளகாய் விதைகளைப் பொறுக்கி எடுத்திருந்தது. "எனக்கு அல்சருல்ல, காரம் ஆகாது" என்றார் அவளுடைய அத்தை, கீரையைக் கையில் வாங்கிக்கொண்டே.