காரணமின்றி அலறும் கார்

பெரகலச் சந்தியில் கொழும்பு–மட்டக்களப்பு வீதியிலிருந்து அப்புத்தளை வீதி பிரிந்து மேலேறுகின்றது. மூடுபனியும் மழையும் இங்கு அடிக்கடி வரும் விருந்தாளிகள். இந்த ஈரத்தில் இரவெல்லாம் வெளியே நிற்கும் மோட்டார் கார், கள்வன் எவனும் அணுகாதிருக்கவே அபாய ஒலி எழுப்பி அயலவரின் நித்திரையைக் கலைப்பதுண்டு. இது பேயின் சேட்டையன்று. ஆராய்ந்தால் காரணம் அகப்படும்.

முதலிற் பார்க்கவேண்டியது பற்றரி. நன்கு மின்னேற்றிய பற்றரி, எஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது சோர்ந்துவிட்டது எனலாம். குளிர் அதன் வலுவை மேலும் குறைக்கும். மின்னழுத்தம் தாழ்வதைக் கண்ட காவற்கருவி, யாரோ கம்பியைத் துண்டிப்பதாகக் கருதி அலறக்கூடும்.

அடுத்தது, எஞ்சின் மூடியாகிய பொனட்டின் கீழுள்ள சிறிய சுவிட்ச். மூடி திறக்கப்பட்டால் அறிவிப்பதே இதன் தொழில். ஈரம் புகுந்து துருப்பிடித்தால், மூடியிருக்கும்போதே திறந்ததாகச் சொல்லும். அதனைத் துடைத்து உலர்த்துதல் நன்று. பழுதெனின் மாற்றுதல் வேண்டும். கதவுகளின் சுவிட்சுகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, அதிர்ச்சியை உணரும் கருவி. அதன் உணர்திறன் அளவுக்கு மிஞ்சியிருந்தால், ஏற்றத்தில் முனகிச் செல்லும் லொறியின் அதிர்வும் அதற்குக் கள்வனாகவே தோன்றும். மின்வேலை அறிந்தவரைக் கொண்டு அதனைக் குறைத்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் இங்கே ஒரு விதியைக் கவனிக்க. ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால், குறை எதிலிருந்தது என்பது விளங்காது. ஒன்றை மாற்றி, ஓரிரவு பொறுத்துப் பார்த்து, பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். ஒலித்த நேரத்தையும் அப்போதைய மழை, பனி நிலையையும் குறித்து வைத்தல் உதவும்.

தொல்லை பொறாது கம்பியைக் கழற்றிவிடுவோரும் உளர். அது காவலாளி உளறுகின்றான் என்று அவன் வாயைக் கட்டிவிடுவது போலாகும். அலறவிட்டுச் சும்மா இருப்பதோ அதனினும் தீது. பெரகலவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வழியிலுள்ள கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்கவியலாது. இத்தகைய மலைநாட்டில் அபாய ஒலி கேட்டவுடன் மக்கள் எழவேண்டும். "புலி, புலி" என்று பொய்க்கூச்சலிட்ட இடைச்சிறுவனின் கதையை நாம் அறிவோம். பொய்யொலிக்குப் பழகிய செவி, மெய்யொலிக்கு எழாது.