பிள்ளைக்கு ஓர் ஆட்டுக்குட்டி

அன்னவாசல் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் செம்மண் காட்டு நிலக்கடலையும், கொட்டிலில் நிற்கும் இரண்டு ஆடுகளுமே கை கொடுக்கும். இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை விலை இறங்கும் வேதனையைச் சிறு வயதிலேயே பார்த்துவிடுகிறது. 'நாமே ஒரு தொழில் செய்தால் என்ன?' என்ற ஆசை முளைப்பதும், 'கடன்தான் மிஞ்சும்' என்ற அச்சம் வேரூன்றுவதும் அந்த வயதில்தான்.

ஜி.டி. நாயுடு 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அந்த ஆசை அவரை விடவில்லை. கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து வண்டியை வாங்கினார். பிரித்துப் பூட்டிப் பழகினார். 1920-இல் பொள்ளாச்சி - பழனி இடையே சொந்தப் பஸ்ஸைத் தாமே ஓட்டினார். 1937-இல் அவரது தொழிற்சாலையில் மின் மோட்டார் உருவாயிற்று. கண்ணால் கண்டதோடு நில்லாமல், தன் உழைப்பில் வாங்கிக் கையால் தொட்டுப் பார்த்ததே அவரைத் தொழிலில் இறக்கியது.

சிறு விவசாயியும் தம் பிள்ளைக்கு இந்த வாய்ப்பைத் தரலாம். பெட்டை ஆட்டுக்குட்டி ஒன்றைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். தீவனம், மருந்துச் செலவு, விற்ற பணம் எல்லாவற்றையும் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். குட்டி இறந்தால் ஏசாதீர்கள். குடற்புழு மருந்து கொடுத்தோமா, தடுப்பூசி போட்டோமா என்று சேர்ந்து பாருங்கள். நட்டத்தின் காரணத்தை அறிவதும் தொழில்தான்.

கடலை விற்கப் போகும்போதும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். நன்கு காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். பருப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். செக்கில் அது முழுதும் வந்துவிடாது. மிஞ்சுவது பிண்ணாக்கு. காயாக விற்றால் எவ்வளவு, ஆட்டுக்கூலி போக எண்ணெயாக விற்றால் எவ்வளவு என்று பிள்ளையே கணக்குப் போடட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆடு மேய்க்கப் பள்ளியை நிறுத்துவது தொழிற்பயிற்சி ஆகாது. பிள்ளையின் ஆட்டை விற்ற பணத்தைச் சொல்லாமல் வீட்டுக் கடனுக்கு எடுப்பதும் தவறு. அவசரத்துக்கு எடுத்தால், நோட்டில் கடன் என்று எழுதித் திருப்பித் தருதல் வேண்டும். உழைத்தால் பலன் தன் கைக்கு வரும் என்று நம்பும் பிள்ளைதான் நாளை துணிந்து தொழில் தொடங்கும்.