பயன்படுத்தாத மின்சாரத்தின் விலை: சூரிய ஆற்றல் பாசனமும் துண்டி கூட்டுறவும்

நீர் இறைப்பதற்கான செலவை முதலீட்டுச் செலவு, இயக்கச் செலவு என இரண்டாகப் பகுத்துக் காண்பது வேளாண் பொருளியலின் வழக்கம். டீசல் எந்திரத்தில் முதலீடு குறைவு. இயக்கச் செலவு மிகுதி. ஐந்து குதிரைத்திறன் எந்திரம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசலை எரிக்கும். சூரிய ஆற்றல் பம்புசெட்டில் இந்நிலை தலைகீழாகிறது. சூரியத் தகடுகளை நிறுவிய பின்னர் மேலும் ஒரு மணி நேரம் நீர் இறைப்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறக்குறைய சுழியமாகிவிடுகிறது.

மானியத் திட்டங்கள் முதலீட்டுச் சுமையையே முதன்மையாகக் கருதுகின்றன. 2019இல் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி குசும் திட்டத்தில், மின்தொகுப்புடன் இணையாத தனித்தியங்கும் பம்புசெட்டுகளுக்கு மைய அரசும் மாநில அரசும் தலா 30 விழுக்காடு ஏற்க, எஞ்சியதில் பெரும்பகுதியை உழவர் வங்கிக் கடனாகப் பெறலாம் என வகுக்கப்பட்டது. இது உழவரின் நுழைவுத் தடையைத் தளர்த்துகிறது. நுழைந்த பின் எழும் இரு சிக்கல்களோ அப்படியே நிற்கின்றன. பாசனம் தேவைப்படாத நாள்களில் தகடுகள் வீணே வெயில் காய்கின்றன. தேவைப்படும் நாள்களில், விலையற்ற மின்சாரம் நிலத்தடி நீரை அளவின்றி இறைக்கத் தூண்டுகிறது.

இவ்விரண்டையும் ஒரே கருவியால் எதிர்கொள்ள முயன்றது குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தின் துண்டி சிற்றூர். அங்கு டீசலை நம்பியிருந்த ஆறு உழவர்கள், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன் கூட்டுறவு அமைத்து, 56.4 கிலோவாட் திறனுள்ள தகடுகளை நிறுவினர். 2016இல் எஞ்சிய மின்சாரத்தை மின்தொகுப்புக்கு விற்கத் தொடங்கினர். மின் பகிர்மான நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 4.63 ரூபாய் தர ஒப்பந்தம் செய்தது. நீர் மேலாண்மை நிறுவனம் பசுமை ஆற்றலுக்காக 1.25 ரூபாயும் நிலத்தடி நீர்ச் சேமிப்புக்காக 1.25 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்த்தது. தனித்தனி உழவரிடம் அன்றிக் கூட்டுறவிடம் ஒரே அளவியின் வழி வாங்குவது பகிர்மான நிறுவனத்துக்கும் எளிதாயிற்று.

இவ்விலையின் பொருளைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஐந்து கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 20 யூனிட் தருவதாகவும், பாசனம் ஆண்டில் 150 நாள்களுக்கே தேவை எனவும் கொள்வோம். எஞ்சிய 215 நாள்களின் 4,300 யூனிட், 4.63 ரூபாய் வீதம் ஏறத்தாழ 20,000 ரூபாய் வருவாயாகும். முதலீடு மீளும் காலத்தை இது குறைக்கிறது. ஆயினும் பொருளியல் நோக்கில் இதனினும் முதன்மையானது மற்றொன்று. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் 3.73 யூனிட் செலவிடும் எனில், அந்நேரத்தில் நீர் இறைக்கும் உழவர் 17 ரூபாயை இழக்கிறார். ஊக்கத்தொகையையும் சேர்த்தால் 26 ரூபாய்க்கு மேல். சுழியமாயிருந்த இறுதிநிலைச் செலவின் இடத்தில் வாய்ப்புச் செலவு வந்து அமர்கிறது. எவரிடமும் கட்டணம் வசூலிக்காமலே நீருக்கு விலை பிறக்கிறது. இலவச மின்சாரத்தின் மீது கட்டணம் விதிக்க எந்த அரசும் தயங்கும் சூழலில் இது சிறிய செய்தியன்று.

இவ்விலையின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஒரு மணி நேர நீரால் கிடைக்கும் கூடுதல் விளைச்சலின் மதிப்பு 17 ரூபாயை விஞ்சும் வரை உழவர் இறைப்பதை நிறுத்தக் காரணமில்லை; காய்கறி, கரும்பு முதலிய பயிர்களில் அது எளிதில் விஞ்சும். அண்டை உழவருக்கு நீரை விற்றுப் பெறும் தொகை கூடுதலாயின் மின்தொகுப்புக்குச் செல்வது குறையும்.

குஜராத் அரசு 2018இல் அறிவித்த சூர்யசக்தி கிசான் திட்டத்தில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாயும் அடுத்த 18 ஆண்டுகளுக்கு 3.50 ரூபாயும் வகுக்கப்பட்டன. ஏழு ஆண்டு என்பது கடன் தீரும் காலம். அதாவது, விலை கடனைக் கருதி வகுக்கப்பட்டது, கிணற்றைக் கருதியன்று. கடன் தீர்ந்ததும் வாய்ப்புச் செலவு மணிக்கு 26 ரூபாயிலிருந்து 13 ரூபாயாகப் பாதி குறைகிறது.

தமிழ்நாட்டுச் சூழல் வேறு. துண்டி உழவர்கள் விட்டு வந்தது விலையுள்ள டீசலை. தமிழ்நாட்டிலோ வேளாண் மின் இணைப்புகளுக்கு 1990 முதல் கட்டணம் இல்லை. இணைப்புக்காகக் காத்திருப்போருக்கும் டீசலை நம்புவோருக்கும் சூரிய பம்புசெட்டு தெளிவான ஆதாயம். இணைப்பு பெற்றவருக்கு அது எச்செலவையும் மிச்சப்படுத்துவதில்லை. மிச்சம் மின்வாரியத்துக்கும் மானியம் வழங்கும் அரசுக்குமே சேர்கிறது. எனவே அத்தகைய உழவரிடம் முதலீட்டில் பங்கு கேட்பதற்கு ஈடாக, அவர் பயன்படுத்தாத யூனிட்டுக்கு ஏற்கத்தக்க விலை தர வேண்டியுள்ளது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 1,000 அடியைக் கடந்த ஆழ்துளைக் கிணறுகள் பல உள்ளன. அவற்றுக்கு வேண்டிய மோட்டாரின் திறன் மிகுதி. குசும் திட்டத்தின் மைய அரசு மானியமோ பொதுவாக 7.5 குதிரைத்திறன் வரையிலேயே கணக்கிடப்படுகிறது. விற்பதற்கு மின்சாரம் எஞ்ச வேண்டுமெனில் அதற்கு மேற்பட்ட தகடுகளின் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்த விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.