கிராண்ட் கேன்யன் போகிறீர்களா? இறங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் சுற்றுலாப் பட்டியலில் நயாகரா இருக்கும், லாஸ் வேகாஸ் இருக்கும், கிராண்ட் கேன்யனும் இருக்கும். முதல் இரண்டு இடங்களிலும் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பிவிடலாம். கிராண்ட் கேன்யன் அப்படிப்பட்ட இடம் அல்ல. ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் அங்கே பள்ளத்தாக்குக்குள்ளிருந்து மீட்கப்படுகிறார்கள். அவர்களில் பலர் மலையேற்ற வீரர்கள் அல்ல, "கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்பியவர்கள்.

குழப்பம் டிக்கெட்டிலேயே தொடங்கிவிடுகிறது. லாஸ் வேகாஸில் "கிராண்ட் கேன்யன் டூர்" என்று விற்கப்படும் பயணங்களில் பல, மேற்கே கண்ணாடி நடைபாலம் இருக்கும் இடத்துக்குப் போகின்றன. அது ஹுவலாபாய் பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்கா அல்ல. பூங்காவின் பாஸும் அங்கே செல்லாது. படங்களில் பார்த்த பழைய ரயில் நிலையமும், 1905இல் திறந்த எல் டோவர் மர ஹோட்டலும், கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்த ஹோப்பி ஹவுஸும் இருப்பது தென் விளிம்பில், கிராண்ட் கேன்யன் வில்லேஜ் என்ற ஊரில். லாஸ் வேகாஸிலிருந்து அங்கே சுமார் 450 கிலோமீட்டர், காரில் நாலரை மணி நேரம். பணம் கட்டும் முன் "எந்த விளிம்பு?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன இடம் ஒன்று, கொண்டுபோன இடம் வேறு என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த எழுத்துதான் ஆதாரம்.

கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பார்க்க மிகவும் பத்திரமான ஊராகத் தெரியும். 1901 செப்டம்பரில் முதல் பயணிகள் ரயில் வந்தது முதல் விருந்தினருக்காகவே வளர்ந்த ஊர் அது. ஐஸ்கிரீம் கடை உண்டு, இலவச பஸ் உண்டு, இரவில் கணப்பருகே உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிடச் சற்றுத்தான் குறைவு. ஜூலை மாதப் பகலில்கூட 29 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஊட்டிக்குப் போன பழக்கத்தில் நம் மனமும் அங்கே ஊட்டிக் கணக்கே போடுகிறது. ஆபத்து அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மலை ஏறுகிறவர் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம், இறக்கம் எளிது. இங்கே எல்லாம் தலைகீழ். காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். வெயிலும் அப்படியே: 300 மீட்டர் இறங்க இறங்க ஏறத்தாழ 3 டிகிரி கூடும். அடியில் ஓடும் கொலராடோ ஆறு ஊரிலிருந்து 1,300 மீட்டருக்கும் கீழே. மேலே ஊட்டி என்றால் கீழே அக்னி நட்சத்திரத்து வேலூர். ஜூலையில் 41 டிகிரி அங்கே சாதாரணம். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்பது ரேஞ்சர்கள் சொல்லும் கணக்கு. ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலாதீர்கள் என்றும், கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் நடக்காதீர்கள் என்றும் அவர்கள் எழுதி வைத்திருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஊரிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒரு நாள் நான் கண்ணால் பார்த்தது இது. முதல் இளைப்பாறும் குடில் ஊரிலிருந்து 2.4 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா, புடவை, விளையாட்டுக் காலணி, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு சிரித்துக்கொண்டே அங்கே வரை வந்துவிட்டார். திரும்பி ஏறும்போது மூன்றாவது வளைவில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, குமட்டல். மகன் அவசர அவசரமாகத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். பூங்காவின் தன்னார்வலர் ஒருவர் வந்தார். "எவ்வளவு குடித்தீர்கள்?" என்று கேட்கும் முன் அவர் கேட்டது "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். காலையிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி. அவர் உப்புப் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் ஏற விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் மருத்துவம் இருக்கிறது. வறண்ட காற்றில் வேர்ப்பது தெரியாது. பூத்த உப்பு மட்டும் சட்டையில் வெள்ளையாகத் தெரியும். அப்போது வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் அளவு சரிந்துவிடும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழம்பிய பேச்சு. முற்றினால் வலிப்பு, உயிர் ஆபத்து. வெயில் மயக்கம் போலவே தெரிவதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது மேலும் கெடுக்கும். வெயிலில் உழைத்துவிட்டு வருகிறவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் கொடுக்கிற நம் வழக்கம் இதற்குச் சரியான பதில். அங்கே மோர் கிடைக்காது. உப்புக் கடலை, முறுக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துப் போங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்குக் குடிநீர் எதிர்க்கரையிலிருந்து வருகிறது. வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று. அங்கிருந்து 20 கிலோமீட்டர் குழாயில் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, இந்தப் பக்கம் ஏற்றப்படுகிறது. 1960களில் போட்ட குழாய். 2010க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில், விடுமுறைக் கூட்டம் நிரம்பிய வாரத்தில், அடுத்தடுத்து உடைந்ததால் தென் விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்திவிட்டார்கள். 2025 டிசம்பரிலும் அதே கதை. அதே 2025 ஜூலையில் காட்டுத்தீ வடக்கு விளிம்பின் பழம்பெரும் விடுதியை எரித்துவிட்டது. பதின்மூன்று மாதம் முன்பே பதிவு செய்த அறை, போகும் வழியில் இல்லாமல் போகலாம் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். பூங்கா மூடினால் விடுதிக் கட்டணம் திரும்பும். வாடகைக் காருக்கும் விமானத்துக்கும் கொடுத்தது தானாகத் திரும்பாது. பயணக் காப்பீடு வாங்கும்போது, போகும் இடம் மூடப்பட்டால் ஆகும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். பாதையில் குடிநீர்க் குழாய்கள் வேலை செய்கின்றனவா என்று அன்று காலை விசாரித்துவிட்டே இறங்குங்கள்.

பணக் கணக்கும் மாறியிருக்கிறது. ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அதற்கு மேல், 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் இந்த விதி. சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு இது பொருந்தும். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். யோசெமிட்டி, சையான், எல்லோஸ்டோன் என்று சுற்றுகிறவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். நுழைவாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே திறந்து வையுங்கள்.

நுழைவுக்கு நேரம் குறித்த முன்பதிவு எதுவும் கிடையாது. "சீக்கிரம் வாங்காவிட்டால் அனுமதி தீர்ந்துவிடும்" என்று அவசரப்படுத்தும் இணையதளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். பாஸ் அமெரிக்க அரசின் ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் கிடைக்கும். ஊருக்குள் அறைகளை விற்பவை பூங்காவோடு ஒப்பந்தம் செய்த ஸான்டெரா, டெலவேர் நார்த் என்ற இரண்டு நிறுவனங்களே. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை உங்கள் இந்தியக் கார்டில் ஏறியிருந்து, வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால், மூன்றாம் ஆளின் மோசடிக்கு உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930. அமெரிக்கக் கார்டில் தவறான தொகை ஏறினால் பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்கச் சட்டம் வழி தருகிறது.

உடம்புக்கு வந்துவிட்டால்? 911 என்று அழையுங்கள். பள்ளத்தாக்குக்குள் செல்போன் பெரும்பாலும் எடுக்காது. மேலே ஏறுகிறவர் எவரிடமாவது ஆளின் நிலையையும் இடத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஊரில் சிறு கிளினிக் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு 130 கிலோமீட்டர் தள்ளி ஃபிளாக்ஸ்டாஃப் போக வேண்டும். நம்மவர் அஞ்சுவது அங்கே வரும் பில்லுக்கு. அந்தப் பயத்தில் நெஞ்சுவலியைச் சொல்லாமல் மறைத்த பெரியவர்களை எனக்குத் தெரியும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்து நிலையைச் சீராக்க வேண்டும், பணத்தைப் பற்றி விசாரிப்பதற்காக அதைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. விசா, காப்பீடு எதுவானாலும் இந்த உரிமை உண்டு. கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவமனை, ஆங்கிலம் தெரியாதவருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகவும் அது நடக்கும். "தமிழ்" என்று கேளுங்கள். பிறகு வரும் பில்லில் ஒவ்வோர் இனத்தையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். விண்ணப்பப் படிவம் கேட்பது பிச்சை கேட்பதல்ல.

பார்வையாளர் காப்பீட்டில் நம்மவர் ஏமாறும் இடம் பழைய நோய் பற்றிய விதி. சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அடங்குமா, விளிம்புக்குக் கீழே நடப்பது அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

பூங்கா ஊழியரின் கவனக்குறைவால் காயம் என்றால் அமெரிக்க அரசிடமே இழப்பீடு கேட்கலாம். எஸ்.எஃப். 95 என்ற படிவம், இரண்டு ஆண்டுக் கெடு. விளிம்பில் செல்ஃபி எடுக்கும்போது தானே தவறினால் இது எடுபடாது. ஹோட்டல் தனியார் நடத்துவது. படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் அன்றே மேலாளரிடம் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், படம் எடுத்து வையுங்கள்.

உரிமை நமக்கு மட்டும் அல்ல. பிரைட் ஏஞ்சல் பாதையில் மூன்று மணி நேரம் இறங்கினால் வரும் பசுஞ்சோலையில் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் விவசாயம் செய்து வாழ்ந்தார்கள். பூங்கா அமைந்த பிறகு அவர்களை வெளியேற்றினார்கள். கடைசியாக வாழ்ந்தவரை வெளியேற்றியது 1928இல். 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1,85,000 ஏக்கரை அந்த மக்களுக்குத் திருப்பித் தந்தது. அந்தச் சோலைக்கு அவர்கள் பெயரே வந்தது 2022இல்தான். வளையலோ பானையோ வாங்கும்போது இதை நினையுங்கள். பழங்குடியினர் செய்யாததை "பழங்குடியினர் செய்தது" என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செய்தவரின் பெயரும் இனமும் எழுதிய ரசீது கேளுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

அறியாமல் நாமே குற்றவாளியாகும் வழிகளும் உண்டு. டிரோன் பறக்கவிடக் கூடாது. பானை ஓடோ கல்லோ நினைவுக்கு என்று எடுக்கக் கூடாது. பேரன் அணிலுக்குக் கடலை நீட்டினால் தடுங்கள். அங்கே மனிதரை அதிகம் கடிப்பது அந்த அணில்தான். சுற்றுலா விசாவில் வந்தவர்களில் 18 வயது நிரம்பியவர்கள் தம் வருகைப் பதிவை, ஐ-94 தாளை, கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் இறங்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், கூடவே இறங்குங்கள். விடியற்காலையில், கையில் உப்புப் பண்டத்தோடு, கடிகாரத்தைப் பார்த்து முப்பது நிமிடம் மட்டும். முப்பதாவது நிமிடத்தில், எவ்வளவு அழகான வளைவு எதிரில் தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள். ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும்.