141 டெஸ்லா காந்தம் எங்கே கிடைக்கும்?

கட்டுரையை எந்த ஜர்னலுக்கு அனுப்புவது என்று சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம் முன்னுரையின் ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும். பாய்ம இயக்கவியலில் வரும் பயன்பாட்டுக் கணிதக் கட்டுரைகளில், தமிழ்நாட்டில் எழுதப்பட்டாலும் துருக்கியில் எழுதப்பட்டாலும், முதல் பத்தியில் அந்த வரி இருக்கும். இந்தப் பாய்வு பிளாஸ்டிக் தகடு இழுப்பதிலும், கண்ணாடி இழை தயாரிப்பிலும், உலோகத்தைக் குளிர்விப்பதிலும் பயன்படுகிறது என்று அது சொல்லும். அடுத்த வரியிலேயே சமன்பாடுகள் தொடங்கிவிடும். ஆலை அதன்பின் முடிவுரை வரை தலைகாட்டாது. நடுவர் படித்துக் களைத்துப்போன வரி இது. ஆனால் என் பார்வையில் இந்த வரி ஒரு கடன். அதை வாங்கியவர் கட்டுரைக்குள்ளேயே அடைத்தாக வேண்டும். அடைக்க முடியாது என்றால் வாங்காமலே இருக்கலாம்.

இந்தத் துறை ஆலைக்குள்தான் பிறந்தது. 1900-ல் லுட்விக் பிராண்ட்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு இயந்திர ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தார். கடைசல் சீவல்களைக் காற்றால் உறிஞ்சி வெளியேற்றும் கருவி ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதைச் சீராக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அகலமாகிக்கொண்டே போகும் குழாயில் காற்று சுவரை ஒட்டிப் போகாமல் பிரிந்துவிடுவதைக் கண்டார். கருவியை ஒருவழியாகத் திருத்திவிட்டார். ஏன் பிரிகிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. 1904-ல் ஹைடல்பெர்க்கில் நடந்த உலகக் கணித மாநாட்டில் அதற்கு விடை சொன்னார். அச்சில் எட்டே பக்கம். சுவரை ஒட்டிய மெல்லிய பாய்ம அடுக்கைப் பற்றிய எல்லைப்படலக் கோட்பாடு அங்கிருந்து தொடங்குகிறது. 1961-ல் சகியாடிஸ், தொடர்ந்து நகரும் தகட்டின் மேல் உருவாகும் எல்லைப்படலத்தை ஆராய்ந்தார். 1970-ல் கிரேன், துளையிலிருந்து வெளிவந்து நீண்டுகொண்டே போகும் தகட்டுக்குத் துல்லியமான தீர்வு ஒன்றைக் கொடுத்தார். அது மூன்றே பக்கக் கட்டுரை.

அதன்பிறகு வந்தவை கிரேனின் தகட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போயின. காந்தப்புலம், வெப்பக் கதிர்வீச்சு, துளையுள்ள ஊடகம், வேதிவினை, நானோ துகள்கள். சேர்ப்பது குற்றமில்லை, கணிதம் அப்படித்தான் வளரும். சேர்த்த பொருள் அந்த ஆலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் சிக்கல். காந்தப்புலத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தகைய கட்டுரைகளில் காந்த எண் ஒன்று வரும். பாய்மத்தின் மின்கடத்துதிறனைக் காந்தப்புலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அடர்த்தியாலும் தகடு நீளும் வீதத்தாலும் வகுத்தால் கிடைப்பது. அதற்கு 0, 1, 2, 3 என்று மதிப்புகள் கொடுத்து, அழகாக நான்கு வளைகோடுகள் வரைவார்கள். பாய்மம் நீர் என்று முன்னுரை சொல்லியிருக்கும்.

இப்போது ஒரு தாளும் பேனாவும் போதும். குழாய்த் தண்ணீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 0.05 சீமென்ஸ். அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோ. நீளும் வீதம் நொடிக்கு 1 என்று வைப்போம். காந்த எண் 1 ஆக வேண்டுமென்றால் காந்தப்புலத்தின் வர்க்கம் 20,000 ஆக வேண்டும். அதாவது சுமார் 141 டெஸ்லா. மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரத்தில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. உலகில் நிலையாக இயங்கும் மிக வலிய ஆய்வகக் காந்தங்களே 45 டெஸ்லாவை ஒட்டித்தான் நிற்கின்றன. நீளும் வீதத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 45 டெஸ்லா தேவைப்படும். இத்தனைக்கும் இது நான்கு வளைகோடுகளில் இரண்டாவதுக்கான கணக்குதான். தண்ணீரில் குளிரும் பிளாஸ்டிக் தகட்டுக்கு அந்தக் காந்தத்தை யார் வாங்கி வைப்பார்கள்?

அதே சமன்பாட்டில் உருகிய எஃகைப் போட்டுப் பாருங்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் சீமென்ஸ், அடர்த்தி சுமார் 7000. இங்கே 0.1 டெஸ்லாவிலேயே காந்த எண் 1 ஆகிவிடுகிறது. எஃகுத் தொடர்வார்ப்பில் உருகிய உலோகத்தைக் கலக்கவும் அதன் வேகத்தை அடக்கவும் மின்காந்தங்களை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். ஆக, காந்தம் வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டி இல்லை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற எஃகு உலைகளின் பக்கம். அங்கே தகடு நீள்வதில்லை, வடிவம் வேறு. எல்லை நிபந்தனைகளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். புதுமை என்று நடுவர் கேட்பதும் அதைத்தான். திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன, ஆலைகளும் இருக்கின்றன. காக்களூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பிராண்ட்டிலுக்கு நியூரம்பர்க்கில் கிடைத்த வசதி இது.

எந்த ஆலை கணித ஆசிரியரை உள்ளே விடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உற்பத்தி விவரங்கள் தொழில் ரகசியம், வாசலில் செக்யூரிட்டியைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் நான் கேட்பது அவர்களுடைய ரகசியத்தை இல்லை. மேலே போட்ட கணக்குக்கு எந்த ஆலையின் அனுமதியும் தேவைப்படவில்லை. கையேடுகளில் அச்சிட்டிருக்கும் எண்களே போதுமாக இருந்தன. நீளும் வீதம் பத்து மடங்கு கூடக் குறைய இருந்தாலும் தண்ணீருக்கு அந்தக் காந்தம் பொருந்தாது என்ற முடிவு மாறவில்லை. எண்ணின் அளவுப்படி தெரிந்தால் போதும், துல்லியம் பிறகு வரலாம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கணிதத்துக்குப் பயன் எதற்கு? இராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றித் தன் முதல் கட்டுரையை வெளியிட்டபோது அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லையே. உண்மைதான். இதழாசிரியர் நாராயண ஐயங்கார் அவரிடம் வேறொன்றைத்தான் கேட்டார்: சராசரி வாசகனுக்குப் புரியும்படி எழுதச் சொன்னார். கைப்பிரதி திரும்பத் திரும்பத் திருத்தப்பட்ட பிறகே அச்சேறியது. இராமானுஜன் தன் எண்கள் எந்த ஆலைக்கும் உதவும் என்று எழுதவில்லை. ஆகவே அடைக்க வேண்டிய கடனும் அவருக்கு இல்லை. சமன்பாட்டின் தீர்வு ஒன்றா இரண்டா, அது நிலையானதா என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் முன்னுரையில் அதையே சொல்லுங்கள், பகுப்பாய்வு இதழுக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டும், இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார் வேறொருவர். பிஹெச்டிக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டாலும், கல்லூரி நிர்வாகங்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எண் ஏமாற்றும். நேரியல் சாரா அறிவியலுக்கும் எண்சார் உருவகப்படுத்தலுக்குமான ஓர் ஆய்விதழ் 2006 முதல் 2009 வரை பயன்பாட்டுக் கணிதத்தில் உலகிலேயே அதிக இம்பாக்ட் ஃபேக்டர் பெற்றிருந்தது. 2008-ல் அதன் மதிப்பு 8.91; அடுத்த இடத்தில் இருந்த பெயர்பெற்ற இதழுக்கு 3.69 மட்டுமே. டக்ளஸ் அர்னால்டும் கிறிஸ்டின் ஃபவுலரும் 2011-ல் அமெரிக்கக் கணிதக் கழக இதழில் இதைப் பிரித்து மேய்ந்தார்கள். மேற்கோள்களில் கணிசமான பங்கு அதன் ஆசிரியர் குழுவினரே கொடுத்தவை. அந்த வரிசையில் முதலிடம் முதன்மை ஆசிரியருக்கே. ஓர் எண்ணுக்காக அங்கே அனுப்பியவர்களின் கட்டுரைகளை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்?

இனி அனுப்பும் முன் செய்ய வேண்டியவை. எழுதிய நிரலில் சேர்மானங்கள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். கிரேனின் தீர்வில் சுவரில் வரும் வேகச்சரிவு சரியாக −1. காந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் எண்ணை 3 என்று கொடுத்தால் −2. இவை வராத நிரலிலிருந்து கட்டுரை வரக் கூடாது. அடுத்து, வளைகோடுகளின் வால். பாண்டோக்ராடோராஸ் என்ற கிரேக்கப் பேராசிரியர் 2009-ல் அப்ளைட் மேதமெட்டிகல் மாடலிங் இதழில், எல்லைப்படலக் கட்டுரைகளில் மலிந்த ஒரு பிழையைக் காட்டினார். கணக்கிடும் தூரத்தைக் குறுக்கிவிடுவதால் வளைகோடு மெல்லத் தணிந்து அச்சோடு இணைவதற்குப் பதிலாக, சரிவாக வந்து முட்டி நிற்கிறது. கிரேனின் தீர்விலேயே 3 அலகு தூரத்தில் வேகம் இன்னும் 5 சதவீதம் பாக்கி இருக்கிறது. அங்கே வெட்டினால் அந்த 5 சதவீதத்தை நீங்களே பலவந்தமாகப் பூஜ்யமாக்குகிறீர்கள். விவரம் தெரிந்த நடுவர் படங்களைத்தான் முதலில் பார்ப்பார்.

இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில், இது எந்தப் பாய்மம், எந்த அளவு காந்தம், எங்கே நடப்பது என்று மூன்று வாக்கியங்கள் எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை. தண்ணீரை உருகிய எஃகாக மாற்றுவதென்றால் பிராண்ட்டில் எண்ணையும் (பாகுநிலைப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) மாற்ற வேண்டும். தண்ணீருக்கு அது ஏறக்குறைய 7, உருகிய உலோகங்களுக்கு 1-க்கு வெகு கீழே. வெப்பப்படலம் பல மடங்கு தடிக்கும், கணக்கிடும் தூரத்தை நீட்ட வேண்டும், அத்தனை படங்களையும் மறுபடி வரைய வேண்டும். நீங்கள் குறிவைத்திருந்த சிறப்பிதழின் கடைசித் தேதி அதற்குள் தாண்டிவிடலாம். தாண்டட்டும். நல்ல ஜர்னல்கள் வருடம் முழுக்க வாங்குகின்றன.