நானிங் போரில் சென்னைப் பட்டாளம்

மலேசியத் தமிழர் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்திலிருந்தோ தண்டவாளத்திலிருந்தோ தொடங்குவர். பிரிக்ஃபீல்ட்ஸில் கூடியிருக்கும் அவைக்கு அது இயல்பே. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் நெருங்கச் செய்த இருப்புப் பாதையோடு சேர்ந்து வளர்ந்த பகுதியன்றோ இது! ஆயினும் அப்பாதை இடப்படுவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, தோளில் துப்பாக்கி ஏந்திய தமிழர் சிலர் இத்தீபகற்பத்தின் காட்டுக்குள் நடந்தனர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைச் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அப்படையின் நானிங் போர்ப்பணியே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஒரு தெளிவு. அப்படையைத் 'தமிழர் படை' என்று முழுமையாக உரிமை கொண்டாட இயலாது. தெலுங்கரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து நின்ற படை அது. எவரையும் கட்டாயப்படுத்திச் சேர்த்ததும் அன்று. மாதம் ஏறத்தாழ 7 ரூபாய்ச் சம்பளத்துக்குத் தாமே முன்வந்து 'பெயர் கொடுத்தவர்கள்' அதில் இருந்தார்கள். 'பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தான்' என்ற நம் ஊர் வழக்கு இந்த மனமுவந்த செயலையே குறிக்கும். மனமுவந்து என்று சொல்லும்போது, மழை பொய்த்த சீமையில் வேறு என்ன வழி இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கடல் கடப்பதில் சென்னைச் சிப்பாய்க்கும் வங்காளச் சிப்பாய்க்கும் வேறுபாடு இருந்தது. 1824இல் பர்மியப் போருக்குப் புறப்பட மறுத்த வங்காளத்தின் 47ஆம் படைப்பிரிவினர்மீது பாரக்பூரில் பீரங்கியால் சுட்டார்கள். அதே ஆண்டில் சென்னைப் படைப்பிரிவுகள் கப்பலேறி இரங்கூனில் இறங்கின. இதைக் கொண்டு சென்னைச் சிப்பாய் தலையாட்டும் பொம்மை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில், தலைப்பாகை மாற்றத்தையும் சமயக்குறி விலக்கையும் ஏற்காமல் எழுந்தவர்களும் இதே படையினர்தாம்.

இனி நானிங். மலாக்காவின் உட்பகுதியில் இருந்த சிறு நாடு அது. அதன் தலைவர் பெங்குலு டோல் சைட். 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், நானிங்கின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தமக்குரியது என்று கும்பினியார் கேட்டனர். டோல் சைட் மறுத்தார். 1831 ஜூலையில் சிப்பாய்கள் சுமார் 150 பேரும் இரண்டு பீரங்கிகளும் மலாக்காவிலிருந்து புறப்பட்டனர். நானிங் மக்கள் பாதையின் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்தனர். 'கூபு' எனும் மரக்கோட்டைகளை எழுப்பினர். கூர்சீவிய மூங்கில் முளைகளை, மலாயில் 'ரஞ்சாவ்' என்பவற்றை, புல்லுக்குள் நட்டனர். செம்மண் வெளியில் அணிவகுத்துப் பழகிய சிப்பாய்க்கு இக்காடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உணவு வரும் வழி அறுந்தது. பீரங்கிகளைக் கைவிட்டு அப்படை மலாக்காவுக்குப் பின்வாங்கியது.

அடுத்த ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். கர்னல் ஹெர்பர்ட் தலைமையில் சென்னையின் 5ஆம் படைப்பிரிவும் பீரங்கிப் படையினரும் பாதை வெட்டும் பிரிவினரும் சேர்ந்தனர். அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி போரே அன்று, காடு வெட்டல்! மலாக்காவிலிருந்து தாபோ வரை இருபது மைலுக்குச் சற்று அதிகம்; இருபுறமும் காட்டை அகலமாக அழித்துப் பாதை போட்டுக்கொண்டே சென்றதால், அத்தொலைவைக் கடக்க மாதங்கள் ஆயின. காய்ச்சல் ஒருபுறம் வாட்டியது. முந்திய ஆண்டு டோல் சைட்டுக்குத் துணைநின்ற ரெம்பாவ் இம்முறை ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தது. 1832 ஜூனில் தாபோ வீழ்ந்தது. இப்போருக்கு ஆன செலவு ஒரு இலட்சம் பவுன் என்பர். நானிங்கிலிருந்து கிடைக்கவிருந்த வரியோ அதன் முன் ஒரு பொருட்டே அன்று. டோல் சைட் பின்னர்ச் சரணடைந்து, கும்பினியின் உதவித்தொகை பெற்று, மலாக்காவில் வாழ்ந்து 1849இல் மறைந்தார்.

இவற்றையெல்லாம் நாம் அறிவது வெள்ளை அதிகாரிகளின் எழுத்திலிருந்தே. சென்னைப் பீரங்கிப் படையின் பெக்பி எழுதிய நூல் 1834இல் வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. சென்னைக் காலாட்படையின் நியூபோல்டு எழுதியது 1839இல் வெளிவந்தது. மலாக்காவின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நானிங்கில் மாண்ட அதிகாரிகளுக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. தாபோ நானிங்கில் டோல் சைட்டின் அடக்கத்தலம் உண்டு; மலேசிய வரலாற்றில் அவர் நாட்டுப்பற்றாளர், அது பொருத்தமே. பெயர் கொடுத்துவிட்டு வந்த சிப்பாயை எங்கே தேடுவது?

மொழியில் தேடலாம் என்பது என் தொழில்வழி வந்த பழக்கம். 'பட்டாளம்' ஐரோப்பியர் தந்த சொல்; சென்னையில் வேப்பேரிக்கு அருகே ஓர் ஊர்ப்பகுதிக்கே அது பெயராயிற்று. 'சிப்பாய்' பாரசீகம். மதுரையில் அரசரைக் குறித்த 'நாயக்கர்' எனும் பெயருக்கு உறவான 'நாயக்', கும்பினிப் படையில் ஒரு சிறு அணித்தலைவனின் பதவிப் பெயராகச் சுருங்கியது; ஓர் ஆட்சி மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 'சொல்தாது' என்று பழைய புதுச்சேரித் தமிழிலும் 'செர்டாடு' என்று மலாயிலும் வழங்கியவை உறவுச் சொற்கள். நம் 'தண்டல்' மலாயில் 'தண்டில்' ஆகி, வேலையாள் கூட்டத்தின் மேலாளைக் குறித்தது.

இவற்றினும் என்னை நிறுத்தி வைப்பவை இரண்டு சொற்கள். தோட்டத்தில் குடியிருப்பு வரிசைக்கு 'லயம்' என்றும், விடியற்காலை ஆள் எண்ணிக்கைக்குப் 'பெரட்டு' என்றும் கூறுவோம். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்தவர்க்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. லயம் ஆங்கில 'லைன்'. பெரட்டு ஆங்கிலப் 'பரேடு'. இரண்டும் படைவீட்டுச் சொற்கள். சிப்பாய்கள் தங்கிய குடில் வரிசைக்கு 'லைன்' என்றே பெயர். பினாங்கில் இன்றும் 'சிப்பாய் லைன்ஸ்' சாலை இருக்கிறது. லயத்தை 'ஆலயம்' என்பதிலிருந்து பிறந்ததாகக் கூறுவோர் உளர். கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவே. தோட்டத் துரை தம் ஆள்களை நிறுத்தி எண்ணிய முறை கும்பினிப் படையின் முறை என்பதே என் கருத்து.

எனவே தோட்டத்துக்கு முன்னர் வந்த சிப்பாயை நம் முன்னோடியாகப் பெருமை பேசுமுன் இரண்டையும் ஒருங்கே காண வேண்டியிருக்கிறது. அவன் பிறர் நிலத்தின் பத்தில் ஒரு பங்கைப் பறிக்கச் சென்ற படையின் கருவி. அவனை வரிசையில் நிறுத்திய அதே சொல்தான் பின்னர் நம் பாட்டன்மாரை இருட்டில் எழுப்பி நிறுத்தியது. தாபோ நானிங் கோலாலம்பூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு. சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் போதும்.