மீன்குஞ்சு செத்து மிதந்தால் வெயில் மட்டும்தான் காரணமா?

சித்திரை, வைகாசியில் ஏரியில் மீன் செத்து ஒதுங்கினால், "வெயில் தாங்கல" என்ற ஒரே பதில்தான் குத்தகைக்காரருக்குக் கிடைக்கிறது. அன்று மாலைக்குள் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். குஞ்சு வாங்கிய கடன் மட்டும் மிச்சம். அந்தப் பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குப் பொறுப்பாளிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கச் சட்டமும் இருக்கிறது.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை, 35 டிகிரியில் ஏறக்குறைய ஏழு. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். அதிலும் குஞ்சுக்கு எடைக்கு எடை பெரிய மீனைவிட அதிகம் வேண்டும். ஆனாலும் மீன் வாழும் நீர்நிலைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த குறைந்தபட்ச அளவு 4 மில்லிகிராம்தான். 35 டிகிரியிலும் சுத்தமான ஏரி அதற்கு மேலேதான் நிற்கும். அப்படியானால் மீதி ஆக்சிஜன் எங்கே போனது?

பெரும்பாலும் சாக்கடையில்தான். கழிவு மக்கும்போது ஆக்சிஜனைத் தின்கிறது. அதிலுள்ள சத்தைக் குடித்துப் பெருகும் பாசி, பகலில் ஆக்சிஜனைக் கொடுத்தாலும் இரவெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. அதே பாசி மதியத்தில் நீரின் காரத்தன்மையை (பி.எச். அளவை) ஏற்றிவிடும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில், 25 டிகிரி சூடும் பி.எச். 7-ம் உள்ள நீரில், நச்சு வடிவத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 9-ம் 30 டிகிரியும் ஆனால் அது கிட்டத்தட்டப் பாதி. குஞ்சின் மெல்லிய செவுள் இதைத் தாங்காது.

கரையில் நின்று பார்த்தே ஓரளவு கணிக்கலாம். ஆக்சிஜன் குறைவு விடியலில் கொல்லும். பெரும்பாலும் பெரிய கட்லாவும் ரோகுவும் முதலில் சாகும், சிறியவை மேல்நீரில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த வளர்ந்த விராலும் தேளியும் பிழைத்துக்கொள்ளும். விராலின் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்கு அந்தத் திறன் பொரித்தவுடன் வருவதில்லை. நேரம் காலம் இல்லாமல், விரால் தேளியோடு சேர்த்து எல்லா அளவு மீனும் சாகிறதா? குஞ்சு மட்டும் முதலில் கொத்தாக விழுகிறதா? பூச்சிமருந்தையோ ஆலைக்கழிவையோ சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் காலையில் செய்ய வேண்டியவை. தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்கள். மோட்டார் வைத்து நீரைப் பீய்ச்சியடியுங்கள். ஏரேட்டர் இருந்தால் ஓட விடுங்கள். செத்த மீனைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. அதே சமயம் அவசரப்பட்டுப் புதைக்கவும் கூடாது. தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள், கழிவு கலக்கும் வாயையும் சேர்த்து. மீன்வளத் துறை அலுவலகத்துக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். நீர் மாதிரியை வாரிய அதிகாரியே முறைப்படி எடுக்கும்படி வற்புறுத்துங்கள், நாளைக்குள் தடயம் கரைந்துவிடும் என்பதால் அன்றே. ஆய்வறிக்கையைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நீரில் மாசு கலப்பதை 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், விஷமோ வெடியோ போட்டு மீன் கொல்வதை 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமும் தடைசெய்கின்றன. நஷ்டஈடு கேட்க 2010-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கான இனங்களில் நீர்வாழ் உயிர்களின் அழிவும் ஒன்று. பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நீங்களே நேரில் வாதாடலாம். அப்போது கையில் இருக்க வேண்டியவை குத்தகை ரசீது, குஞ்சு வாங்கிய பில், அன்று காலை எடுத்த படம், வாரியத்தின் அறிக்கை.